சோளகத்தின் மேல் போட்ட பழி

எங்கள் பள்ளிமுனையில் என் அக்காவைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும். சோளகக் காற்றுப் பிறந்தால் அவளுக்குத் தலை மாறிவிடும் என்பது அதில் முதலாவது. வைகாசியில் தென்மேற்கிலிருந்து காற்று எழும்பி, ஒழுங்கை மண் வீட்டுக்குள் வரத் தொடங்கிவிட்டால் போதும், கடைக்குப் போகிற என்னை மறித்து, "என்ன டீச்சர், காத்து மாறிட்டுது, அக்கா எப்படி?" என்று கேட்பார்கள். கடலுக்குப் போகலாமா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சுகமா இருக்கிறா" என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

சோளகத்துக்கு வாய் இருந்திருந்தால் மான நட்ட வழக்குப் போட்டிருக்கும். அத்தனை வருடப் பழியைச் சும்மா சுமந்தது அந்தக் காற்று.

அக்கா என்னைவிட மூத்தவள். நோய் அவளுக்கு இங்கே தொடங்கவில்லை. சண்டைக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து வள்ளம் ஏறி அக்கரைக்குப் போய், தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் இருந்தபோதுதான் அவளுடைய நித்திரை போனது. முகாமின் ஒலிபெருக்கி தன் பெயரை மட்டும் கூப்பிடுகிறது என்றாள். ஒலிபெருக்கி நிறுத்தியிருந்த நேரத்திலும் கூப்பிட்டது. அம்மாவுக்குத் தெரிந்த மருத்துவம் நேர்த்திக்கடன் ஒன்றுதான். கடற்கரையோரம் இப்படியானவர்களைக் கொண்டுபோய் விடுகிற ஒரு தலம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அங்கே மரத்தடியில் எல்லாச் சமயத்தவரும் வரிசையாகச் சங்கிலியில் இருந்தார்கள். சமய ஒற்றுமையை அப்படி ஒரு இடத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அம்மாவும் அக்காவோடு ஒரு மாரி முழுக்க அங்கேயே கிடந்தாள். சங்கிலியைப் பூட்டியது தலத்து ஆட்கள் அல்ல, அம்மாவே தன் கையால் பூட்டினாள். பூட்டினால்தான் வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பி வந்த அக்காவின் கணுக்காலில் தோல் கறுத்து வளையம் போல நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

ஊர் திரும்பிய பிறகு அம்மா அவளைத் தாராபுரத்தில் தண்ணீர் ஓதிக் கொடுக்கும் ஒரு மௌலவியிடம் கூட்டிப்போனாள். அந்த மனிதர் ஓதித் தண்ணீரும் கொடுத்து, "பிள்ளையை ஆஸ்பத்திரியிலயும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றும் சொன்னார். அவருக்குப் புண்ணியம். ஆஸ்பத்திரியில் மருந்துக் குளிசை கொடுத்தார்கள். இரவில் இரண்டு குளிசை. அக்கா மனுசியானாள். கரையில் உள்ள நண்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். வள்ளங்கள் வந்ததும் நண்டைத் தரம் பிரித்து ஐஸ் போட்டு அடுக்குகிற வேலை. எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழாமில் இரண்டாம் குரல் பாடினாள். என் கலியாணத்துக்குச் சீலை எடுக்க யாழ்ப்பாணம் வரை தனியாகப் போய்வந்தாள். இப்படிப் பல வருடம். யாரும் சோளகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு அம்மா செத்தாள். அதற்கு அடுத்த வருடம் தொடங்கியது இந்த வைகாசிக் கூத்து.

பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாள் முடிந்து கொஞ்ச நாளில் அக்காவின் நித்திரை குறையும். பிறகு சாப்பாடு நிற்கும். பிறகு வற்றுக் கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று யாரோடோ வாதாடுவாள். ஒரு நாள் அயலவர்கள் வருவார்கள். வள்ளம் கட்டுகிற கயிற்றால் அவளைக் கட்டுவார்கள். அதில் ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "டீச்சர் பயப்படாதேங்கோ. இது இறுகாத முடிச்சு. நாங்கள் என்ன மிருகங்களா?" என்றார். நல்ல மனிதர்தான். என் வீட்டுக் கூரையை ஒரு சதம் வாங்காமல் வேய்ந்து தந்தவர். அந்த முடிச்சுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே எதிர்பார்த்து நின்றார்.

அதன் பிறகு பொலிஸ் ஜீப். பிறகு நீதவானின் கட்டளை. நீதிமன்றத்தில் திருடிய ஒருவனுக்கும் நித்திரை வராத என் அக்காவுக்கும் உட்கார ஒரே வாங்கு. அங்கிருந்து தெற்கே உள்ள பெரிய ஆஸ்பத்திரி. அவளுக்குச் சிங்களம் தெரியாது. அங்கே தமிழ் தெரிந்தவர் எந்த நாளில் வேலையில் இருப்பார் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஒன்றிரண்டு மாதத்தில் மெலிந்து, தலைமயிர் ஒட்ட வெட்டி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் திரும்பி வருவாள். வாடிக்காரர் அவளுடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டிருப்பார். ஐப்பசி வாக்கில் மறுபடி கெஞ்சி வேலை எடுப்பாள். மார்கழிப் பாட்டுக்குக் குரல் சரியாகிவிடும். அதோடு அந்த வருடம் முடியும்.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் சொல்லாதவர் ஊரில் இல்லை. அயலுக்குச் சோளகம். மாமா ஒருவருக்குச் சூனியம். பக்கத்து வீட்டு அன்ரிக்கு, "காலத்தில ஒருத்தன்ர கையில பிடிச்சுக் குடுத்திருந்தா இதெல்லாம் வராது." அவருடைய சொந்த மகளைப் பிடித்துக் கொடுத்ததில் அந்தப் பிள்ளை இரண்டு தரம் தாய் வீட்டுக்கு ஓடிவந்தது, அது வேறு கதை. ஆஸ்பத்திரி டொக்டர்களும் குறைந்தவர்கள் அல்ல. அவர்கள் வந்துவந்து மாற்றலாகிப் போவார்கள். ஒருவர் சண்டையின் பாதிப்பு என்றார். ஒருவர் தாயின் இழப்பு என்றார். அடுத்து வந்தவர் கோப்பைப் புரட்டி, வருடா வருடம் ஒரே மாதத்தில் வருகிறதே என்று கண்டுபிடித்து, பருவத்தோடு கூடுகிற நோய் என்று எழுதினார். வெயில் கூடும்போது சிலருக்கு இப்படி வருமாம். பள்ளிமுனைக்காரர் காற்று என்றதை அவர் இங்கிலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு யாரும் தேடவில்லை. காரணம்தான் கிடைத்துவிட்டதே.

இத்தனை பேரும் இந்தக் காரணங்களையெல்லாம் சொன்னது என்னிடம். அக்கா பக்கத்தில் நிற்க, அவளுடைய தலைக்கு மேலால் சொன்னார்கள்.

போன வருட வைகாசியும் அப்படியே போனது. அக்கா திரும்பி வந்த பிறகு, இப்போதிருக்கும் இளம் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். சிங்களவர். நல்ல பிள்ளை, குரல் உயர்த்த மாட்டார். கிளினிக்கின் தாதி, நாங்கள் மிஸி என்கிறவர், மொழிபெயர்த்தார். "உங்களுக்கும் வயசு போகுது. ஒவ்வொரு வருசமும் இப்படிக் கட்டி, இழுத்து, அவவுக்கும் கஷ்டம். தெற்கில நீண்ட காலம் வச்சுப் பாக்கிற இல்லம் ஒண்டு இருக்கு. அடுத்த வருசமும் இப்படி வந்தா, அங்க நிரந்தரமா இடம் எடுத்துத் தாறன் எண்டு டொக்டர் சொல்லுறார்." நிரந்தரம் என்ற சொல்லை மிஸி மெதுவாகச் சொன்னார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு சாப்பிடும்போது, "அங்க கடல் இருக்கா?" என்று கேட்டாள். நான் அவளுடைய தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

அந்த ஆவணியில்தான் எனக்கு ஒரு வேலை வந்தது. நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவள். உளநல நாளுக்கு ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள், உளமருத்துவத்தின் ஆரம்ப வரலாற்றைச் சிறு பலகைகளில் எழுதித் தாருங்கள் என்று அரசாங்க அலுவலகக் கந்தோர் ஒன்றிலிருந்து கேட்டார்கள். வேறு விஷயமாக இருந்திருந்தால் முடியாது என்றிருப்பேன். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு, ஆனால் தெரிந்துகொள்ளும் வெறி இருந்தது. நூலகத்திலும் கைபேசியிலும் தேடித் தேடிப் படித்தேன்.

படிக்கப் படிக்க ஆத்திரம் வந்தது. பழைய அரபு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இப்படியானவர்களுக்குத் தனி அறையும், முற்றத்தில் நீரூற்றும், இசையும் இருந்ததாம். அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல். பெல்ஜியம் நாட்டில் ஒரு சிற்றூர், அங்கே ஒரு புனிதையின் கோயிலுக்கு நோயாளிகளைக் கொண்டுவருவார்கள். கோயிலில் இடம் போதாமல் போனபோது ஊர்ச் சனம் அவர்களைத் தங்கள் வீடுகளில் வைத்துச் சோறு போட்டு, வயலுக்கும் கூட்டிப் போனதாம். எங்களுடைய சமயம்தான், எங்களைப் போலத் தலத்துக்கு நேர்ந்துகொண்டு வந்த சனம்தான். அங்கே கதவைத் திறந்தார்கள், எங்கள் பக்கம் பூட்டை எடுத்தார்கள். பிறகு லண்டனில், ஞாயிறு பொழுதுபோக்காகக் காசு கொடுத்துப் பைத்தியங்களைப் பார்க்கப் போன கனவான்கள். தண்ணீரில் அமுக்கினால் புத்தி தெளியும் என்ற டொக்டர்கள். கதிரையில் கட்டிச் சுழற்றினால் தெளியும் என்றவர்கள். நிலவு முற்றினால் நோய் முற்றும் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்தவர்கள். பாரிஸ் நகரில் சங்கிலியைக் கழற்றிய ஒரு டொக்டரைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். டொக்டர் நடுவில் நிற்கிறார். சங்கிலி கழற்றப்படுகிற பெண்ணும் நிற்கிறாள், துணி போலத் துவண்டு. டொக்டரின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவளுடைய பெயரை நான் படித்த எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

எங்கள் நாட்டின் கதை இன்னும் அழகு. வெள்ளைக்காரன் முதலில் அவர்களைச் சிறையில் வைத்தான். பிறகு குஷ்டரோகிகளின் ஆஸ்பத்திரியில் ஒரு மூலையில் வைத்தான். அதன் பிறகுதான் தனிப் பைத்திய விடுதி கட்டினான். பொலிசும் நீதவானும் பிடித்து அனுப்புகிற சட்டமும் அவன் போட்டதுதான். அவன் கப்பல் ஏறிவிட்டான். சட்டம் இன்னும் என் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்துகிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து உலுக்கியது ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்து விடுதிகள் ஆண்டுதோறும் அறிக்கை எழுதுமாம். ஒவ்வொரு நோயாளிக்கும் பைத்தியம் வந்த காரணம் என்று அட்டவணையில் ஒரு கட்டம். வெயில், காதல், குடி, மதவெறி, நிலவு, துக்கம் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் காரணத்தை யார் சொன்னது? கொண்டுவந்து விட்டவர்கள். தகப்பன் சொன்னான், புருசன் சொன்னான், பொலிஸ்காரன் சொன்னான். டொக்டர் எழுதிக்கொண்டார். வந்தவரை யாரும் கேட்கவில்லை. நோய் கண்டவரின் சொல்லே நோய்தான், அதை எப்படி நம்புவது என்பது அவர்களுடைய எண்ணம்.

இதைப் பலகையில் எழுதினேன். கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன். "இன்றும் எங்கள் கிளினிக்குகளில் காரணம் கேட்கப்படுவது கூட்டி வந்தவரிடமே." கந்தோர் உத்தியோகத்தர் அந்த வரிக்குக் கீழே பேனாவை வைத்து, "டீச்சர், இது வரலாறு. இப்ப நடக்கிறதை ஏன் இதுக்குள்ள போடுறியள்?" என்றார். நான் வரலாறு படிப்பித்து வாழ்கிறவள். இப்போது நடக்கிறதற்கும் வரலாற்றுக்கும் நடுவே எங்கே வேலி போட்டிருக்கிறார்கள் என்று காட்டச் சொன்னேன். அவர் சிரித்தார். வரியை வெட்டினார். கண்காட்சி நன்றாக நடந்தது. வந்தவர்கள் சங்கிலிப் படத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் எவ்வளவு கொடுமை என்று சொல்லிப் போனார்கள்.

இந்த வருடம் தவக்காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் விபூதிப் புதன் என்றால் நெற்றியில் சாம்பல் பூசுவதோடு முடியாது. ஒவ்வொருவரும் பாஸ்கு வரைக்கும் ஏதாவது ஒன்றை ஒறுக்க வேண்டும். இறைச்சியை விடுகிறவர்கள் உண்டு, வெற்றிலையை விடுகிறவர்கள் உண்டு, நாடகத் தொடரை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டில் போய்ப் பார்க்கிறவர்களும் உண்டு. நான் வழமைபோலத் தேத்தண்ணிக்குச் சீனியை விட்டேன். ஒறுத்ததை ஏழைகளுக்கென்று போட ஒரு மட்டைப் பெட்டியும் கோயிலில் தருவார்கள். முன்பெல்லாம் எல்லாரும் கோயிலில் இருந்த ஒரே பெரிய பெட்டிக்குள் போடுவோம். இந்த வருடம் பங்குக் குருவாக வந்த புதுச் சுவாமி ஒழுங்கானவர். வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்து, மேலே குடும்பத்தின் பெயரையும் எழுதுவித்தார்.

பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை, கோயில் காரியம் பார்க்கும் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் எங்கள் பெட்டி. முகத்தில் ஒரு சங்கடம்.

"டீச்சர், இது உங்கட பெட்டிதானே? காசோட இதுகளும் கிடந்தது" என்று ஒரு கடதாசிப் பொட்டலத்தை விரித்தார். உள்ளே குளிசைகள். வெள்ளையும் மஞ்சளும். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். "முந்தியும் பெரிய பெட்டிக்குள்ள இப்படி வாறதுதான். ஆரோ ஏழையளுக்கு மருந்து தருமம் செய்யினம் எண்டு நினைச்சு, கன்னியாஸ்திரிமாரின்ர மருந்து அலுமாரியில குடுத்திடுவன். இந்த முறைதான் ஆரின்ர பெட்டி எண்டு தெரிஞ்சுது."

அவர் போன பிறகு நான் பொட்டலத்தோடு குசினிக்குள் போனேன். அக்கா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நித்திரை போகத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. நான் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாதுதான், என்னால் முடியவில்லை.

"என்ன அக்கா இது? குளிசை போடாம விட்டனீங்களா? ஒவ்வொரு வருசமும் இதைத்தான் செய்தனீங்களா?"

"தவக்காலத்துக்கு மட்டுந்தான். பாஸ்கண்டு திரும்பப் போடுவன்தானே." அவள் நண்டைக் கீழே வைக்கவில்லை.

"ஏன்? ஆர் சொன்னது?"

"சுவாமி சொன்னவர்." அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், பிரசங்கம் கேட்காமல் நித்திரை கொண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல. "எது இல்லாம உங்களால இருக்க ஏலாதோ, அதை ஆண்டவருக்குக் குடுங்கோ எண்டு சொல்லுறவைதானே. நீ சீனியைக் குடுத்தனி. எனக்குச் சீனி ஒரு காரியமே இல்லை. குளிசை இல்லாமத்தான் என்னால இருக்க ஏலாது. பிறகு வேற எதைக் குடுக்கிறது?"

எந்தச் சுவாமி வந்தாலும் விபூதிப் புதனுக்கு அதே பிரசங்கம்தான். நானும் அதே வாங்கில்தான் இருந்து கேட்டேன். கோயில் நிறையச் சனம் கேட்டது. அதைச் சொன்னபடி செய்தவள் அவள் ஒருத்தி மட்டும். ஒறுத்தலை வெளியே சொல்லக் கூடாது, மறைவாகச் செய்ய வேண்டும் என்றும் அந்தப் பிரசங்கத்திலேயே சொல்வார்கள். அதையும் செய்தாள். என் கண் முன்னால் குளிசையைக் கையில் எடுத்து, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போவாள். மிச்சம் எனக்குத் தெரியாது. பாஸ்குக்குப் பிறகு, நோய் வேர்விட்ட பின், அவள் உண்மையாகவே விழுங்குவதை நானே பார்ப்பேன். அதனால்தான் வைகாசியில் டொக்டர் கேட்கும்போது, குளிசை ஒழுங்காகப் போடுகிறாள் என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

"ஆருக்காக ஒப்புக்குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். எங்கள் வழக்கத்தில் ஒறுத்தல் யாருக்காவது ஒப்புக்கொடுக்கப்படும். செத்தவர்களுக்கென்றால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் தீரக் கிடக்கும் ஆத்துமம் அதனால் விடுபடும் என்பது நம்பிக்கை.

"அம்மாவின்ர ஆத்துமத்துக்கு." அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த கட்டையில் இருந்தாள். "சாகக் கிடக்கேக்க என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. நான்தானடி பூட்டினனான், நான்தானடி பூட்டினனான் எண்டு. உத்தரிக்கிற ஸ்தலத்தில அம்மாவையும் அப்படிக் கட்டி வச்சிருப்பினம் எண்டு நினைச்சன். நான் ஏதாவது குடுத்தாத்தானே கழட்டுவினம்."

எனக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் எல்லார் மேலும். வாசகம் அழகாக இருக்கிறது என்று பிரசங்கத்தில் அதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல். அந்தத் தலத்தின் மேல். பருவம் என்று எழுதிய பேனாவின் மேல். செத்துப்போன அம்மாவின் மேலும்தான். அவள் அழுது இறக்கி வைத்த பாரத்தை இவள் தூக்கிக்கொண்டாள். வருடா வருடம் கடலுக்குள் நின்று அக்கா யாரோடு வாதாடினாள் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அம்மாவை அவிழ்த்துவிடச் சொல்லி வாதாடியிருக்கிறாள். நாங்கள் அவளை இறுகாத முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறோம்.

அன்று பின்னேரமே சுவாமியிடம் போனேன். இளைஞர். நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளுத்தது. "டீச்சர், நாங்கள் இனிப்பு, ரீவி, குடி, இதுகளை நினைச்சுத்தானே சொல்லுறது" என்றார். "நீங்கள் நினைச்சதை ஏன் ஃபாதர் சொல்லேல்ல?" என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு பூசையில், மருந்தை ஒறுப்பது ஒறுத்தல் அல்ல, அது பாவம் என்று அறிவித்தார். சனம் சிரித்தது. ஆர் மருந்தை விடுவினம் என்று எனக்குப் பின்னால் ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது. அக்கா மேலே பாடகர் குழாமில் நின்றாள்.

கிளினிக் நாள் வரை காத்திருக்க நேரமில்லை. வைகாசி கிட்டுகிறது, அக்காவின் நித்திரை நாளுக்கு நாள் குறைகிறது. இந்த முறையும் முற்றினால் தெற்கே நிரந்தரம். டொக்டர் வேறு ஒரு வேலையாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று மிஸி சொல்லியனுப்ப, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். வழமைபோல நான் கதிரையில் இருந்தேன், அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒறுத்தல், பெட்டி, அம்மா, சங்கிலி. மிஸி மொழிபெயர்த்தார். இடையில் ஒரு இடத்தில் மிஸி நிறுத்திச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவரும் கத்தோலிக்கர்தான்.

டொக்டர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். பருவம் என்று எழுதியிருந்த பக்கத்தில் நிறுத்தினார். பிறகு மிஸியைப் பார்த்து ஏதோ சொன்னார். மிஸி என்னைப் பார்த்து, "இத்தனை வருசமா ஏன் இதை அவ ஒருத்தருக்கும் சொல்லேல்ல எண்டு டொக்டர் கேக்கிறார்" என்றார்.

என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆர் கேட்டது?"

கோபமே இல்லாத குரல். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல. மிஸி அதை மொழிபெயர்க்கவில்லை. கோப்பு மட்டையின் நுனியைத் தடவிக்கொண்டு நின்றார். "சொல்லுங்கோ மிஸி. அவ சொன்னபடி சொல்லுங்கோ" என்றேன். என் குரல் வெளியில் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மிஸி சொன்னார். சிங்களத்தில் அது இன்னும் சின்ன வாக்கியமாக இருந்தது.

டொக்டர் பேனாவை மூடினார். எழும்பி, தன் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு கதிரையைத் தானே இழுத்துப் போட்டார். அக்காவைப் பார்த்து, உடைந்த தமிழில், "இருங்கோ. இப்ப நான் கேக்கிறன்" என்றார்.

அக்கா இருந்தாள். சீலைத் தலைப்பை மடியில் எடுத்து வைத்தாள். எங்கே தொடங்குவது என்று யோசிக்கிறாள் போலிருந்தது. நான் அவளுக்கு உதவியாக, "முதல் முகாமில நடந்ததைச் சொல்லுங்கோ, ஒலிபெருக்கி..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ வெளியில நில்லு பிள்ளை" என்றாள். "நான் சொல்லுறன்."

நான் எழும்பி வெளியே வந்தேன். மிஸி கதவைச் சாத்தினார். வரிசையில் இருந்தவர்கள், இவ்வளவு நேரம் உள்ளே என்ன பேச்சு என்று முணுமுணுத்தார்கள். எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அவளுக்காக ஊரோடு சண்டை பிடித்தவள் நான், என்னையே வெளியில் நிறுத்திவிட்டாளே என்று. உள்ளே அக்காவின் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. நான் கதவில் காதை வைக்கப் போனேன். பிறகு வேண்டாம் என்று தள்ளி நின்றேன். வரிசை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அக்கா பேசிக்கொண்டே இருந்தாள்.